அவசரம் லேது

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். நீதிபதியின் நாற்காலியில் உங்களை அமர்த்தும் எண்ணம் எனக்கில்லை. தீர்ப்பை எழுதிவிட்டு எழுந்து போக நீதிபதிக்கு உரிமை உண்டு. சாட்சிக்கு அந்த வசதி கிடையாது; கேட்டதைக் கேட்டேன் என்று எந்தக் காலத்திலும் சொல்ல வேண்டியவர் அவர். அல்வால் சந்தைத் திடலில் ஒரு மாலை நான் உரக்கச் சொன்ன வாக்குறுதிக்கு அன்று ஒரே ஒருவர்தான் சாட்சியாக இருந்தார். அவரும் என் மொழியைப் பாதி அறிந்தவர். இரண்டாம் சாட்சி ஒருவர் தேவைப்படுவதால் உங்களிடம் வருகிறேன்.

பாளையங்கோட்டையில் படிப்பை முடித்தபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து என் குரல். தாமிரபரணியின் கோடை மணலில் நின்று, அக்கரையில் துணி உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை பேசிப் பழக்கிய குரல் அது. எங்கள் விவாத மன்றத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பேசுவது விதி. மதுவிலக்கு வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை பேசி வென்றேன். வேண்டாம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை பேசியும் வென்றேன். மேடைப் பேச்சில் பாதி, எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியில் என்னை மிஞ்சியவர் எவரும் இல்லை என்று அன்று நம்பினேன். இன்றும் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலை தேடி நிஜாம் சீமைக்கு வந்து, சிகந்திராபாத்தில் அக்காவின் வீட்டில் தங்கினேன். அத்தான் தூத்துக்குடிக்காரர், லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அந்த வேலையை உதறி, வீட்டிலேயே காய்ச்சல் பொடி தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். நிலவேம்பும் சுக்கும் இன்னும் சிலவும் இடித்துச் சலித்த பொடி. சாதாரணக் காய்ச்சலில் உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு தரும், தீங்கு செய்யாது. பொட்டலத்தின் மேல் அவர் ஊர்க் கடற்கரையின் நினைவாகக் கலங்கரை விளக்கின் படம் அச்சிட்டிருந்தார். கடலே இல்லாத இந்தச் சீமையில் அதைக் கண்டவர்கள் எல்லாரும் மசூதியின் மினார் என்றே எண்ணினார்கள். கடைகளில் ‘மினார் பொடி’ என்று கேட்டு வாங்கினார்கள்.

நான் அதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“அவங்க எப்படிக் கூப்பிட்டா என்னடே? கேட்டு வாங்குதாங்களா இல்லையா, அதப் பாரு.”

“விளக்கு என்று எழுதிப் புரியவைக்கலாமே, அத்தான்.”

“புரியவச்சு என்ன செய்ய? மினாருன்னா ஒரு மரியாதை இருக்கு. விளக்குன்னா எண்ணெ விக்கேன்னு நெனப்பான்.”

வியாபாரத்தைப் பெருக்க வேண்டும் என்பதே அப்போது அவருடைய ஒரே எண்ணம். தேவாலய வாசலிலும் ரயில்வே காலனியிலும் இருந்த தமிழர்கள் வாங்கியது அவருக்குப் போதவில்லை. “இங்கன உள்ள தமிழாளுக எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தாலும் நமக்குக் காணாதுடே,” என்பார். தெலுங்கு ஜனங்களிடம் போக வேண்டும். அதற்கு அவர் கண்ட வழியில் நான் ஓர் உறுப்பானேன்.

எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து பிரசங்கியார் வந்தால், அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார்; பக்கத்தில் நிற்பவர் அதைத் தெலுங்கில் பெயர்த்துச் சொல்வார்; பிறகு அடுத்த வாக்கியம். அத்தான் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒற்றை மாட்டு வண்டியின் மேல் பலகை போட்டு மேடை ஆக்கினார். இரு பக்கமும் கலங்கரை விளக்கு வரைந்த தகரப் பலகை. மேலே நான், எனக்கு இடப்புறம், பெயர்த்துச் சொல்ல அவர். கீழே, கூட்டம் சேர்க்க டப்பு என்னும் பறை அடிக்கும் ஒருவர். புரியாத மொழியில் ஒருவன் முழங்க, புரிந்த மொழியில் இன்னொருவர் அதை விளக்க, பொடிக்கு வேதவாக்கின் கனம் வந்துவிட்டது. பொலாரம், அல்வால், திருமலகிரி என்று சந்தை கூடும் இடமெல்லாம் போனோம்.

டப்பு அடிப்பவர் அல்வாலுக்கு அப்பால் ஒரு சேரியில் குடியிருந்தார். அவருடைய மனைவி கண்டோன்மென்ட் குதிரைகளுக்குப் புல்லறுத்து, கட்டுக் கட்டாகச் சுமந்து விற்பவள். பட்டாளத்துத் தமிழ் வீடுகளுக்கும் புல் கொடுத்துப் பழகியதால் தமிழ் அவளுக்கு நன்றாகவே வந்தது. புல் விற்றுத் தீர்ந்த நாட்களில் எங்கள் வண்டிச் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்பாள். கேட்பாள் என்பதைவிட, வேடிக்கை பார்ப்பாள் என்பது பொருந்தும்.

“சின்ன அய்யா கை தூக்கினா மரத்துல காக்கா ஒண்ணு நிக்கல,” என்பாள்.

“காக்கா நிக்கலன்னா என்ன, ஜனங்க நிக்குது கதா, இல்லையா?” என்பார் புருஷன்.

“ஜனங்க உன் டப்புக்கு நிக்குது. அய்யா பேச்சு நிறுத்தினா மூச்சு நின்னுபோச்சோன்னு பயந்து நிக்குது.”

என் நிறுத்தத்தைக் கவனித்த ஒரே ரசிகை அவள்தான் என்பதால், அந்தக் கேலி எனக்குப் பிடித்தே இருந்தது.

அந்த நிறுத்தத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் பேச்சின் உச்சியில் இப்படி ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: “காய்ச்சல் கண்டவுடன் டாக்டரைத் தேடி ஓட அவசரம் வேண்டாம்!” இங்கே கையை உயர்த்தி நிறுத்துவேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “முதலில் இந்தப் பொடியைக் கொடுங்கள், இரண்டு நாளில் இறங்காவிட்டால் மூன்றாம் நாள் டாக்டரிடம் போங்கள்,” என்று முடிப்பேன். நேர்மையான வாக்கியம் அது. நான் கையை உயர்த்தியதும் அத்தான் முதல் பாதியைத் தெலுங்காக்குவார்: “டாக்டரு அவசரம் லேது!” உடனே டப்பு அதிரும். கூட்டம் ஆரவாரிக்கும். அத்தான் பொட்டலங்களை உயர்த்திப் பிடிப்பார், கைகள் நீளும். என் இரண்டாம் பாதி டப்பின் ஒலிக்குள் தமிழாகவே போய்விடும்.

சில மாதங்களில் அந்தத் தெலுங்கு வாக்கியம் பாலத்தின் சுவரிலும் சத்திரத்தின் சுவரிலும் பெரிய எழுத்துகளில், மினாருக்குக் கீழே ஏறியது. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. லேது என்றால் இல்லை என்பது மட்டும் தெரியும். ஆனால் ‘அவசரம்’ என்பது என் சொல். அது என் காதில் தமிழாகவே விழுந்தது. பிள்ளைகள் தெருவில் அதைப் பாட்டாகக் கத்திக்கொண்டு ஓடியபோது, என் வாக்கியம் ஊரை வென்றுவிட்டது என்று எனக்கு மார்பு விரிந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் வரவில்லை. புல் விற்பவர்கள் வந்தார்கள். அவள் மட்டும் இல்லை. நான் கேட்டபோது, டப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்த அவர் நிமிராமலே சொன்னார்.

“ஜொரம், அய்யா. குளிரு வருது, நடுக்கம் வருது, போகுது. மறுபடி வருது.”

“பொடி கொடுத்தீர்களா?”

“ஹவ், ஆமா அய்யா. பெரிய அய்யா சும்மாவே குடுத்தாரு. மூணு வேளையும் குடுக்குறேன்.”

“டாக்டரிடம் காட்டினீர்களா?”

அவர் முகம் மலர்ந்தது. நாங்கள் இருவரும் அறிந்த ஒரு பாட்டின் அடியைச் சொல்வதுபோலச் சொன்னார்: “டாக்டரு அவசரம் லேது, அய்யா.”

அவ்வளவு மோசமில்லை, அவசரப்படத் தேவையில்லை என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். நிம்மதியோடு வண்டியில் ஏறினேன். அன்று நன்றாகப் பேசினேன்.

அடுத்த சந்தையிலும் கேட்டேன். அதே பதில், அதே மலர்ச்சி. அதற்கடுத்த சந்தையில் மலர்ச்சி இல்லை; பதில் மட்டும் இருந்தது. அவர் கை தாளத்தில் தடுமாறியது. பேச்சு முடிந்ததும், அத்தானை ஒரு கடையில் கணக்குப் பேச விட்டுவிட்டு, வண்டிக்காரரிடம் வண்டியை ஓட்டச் சொல்லி, டப்பு அடிப்பவரோடு சேரிக்குப் போனேன்.

குடிசைக்குள் அவளை முதலில் நான் அடையாளம் காணவில்லை. புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கழுத்து அசையாமல் நடந்த உடம்பு, ஓலைப் பாயில் ஒரு மடித்த துணியைப்போலக் கிடந்தது. கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு மட்டும் உயர்ந்திருந்தது. பிள்ளை உண்டாகி இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலைமாட்டில் கலங்கரை விளக்குப் பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மரியாதையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. என்னைப் பார்த்தவள் கையைச் சற்றே உயர்த்தி, அப்படியே நிறுத்தினாள். என்னைப்போல நடித்துக் காட்டினாள். கை விழுந்துவிட்டது.

நான் அவரிடம் கத்தினேன். “இத்தனை நாள் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை? அவசரமில்லை, அவசரமில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே!”

அவர் என்னைத் திகைத்துப் பார்த்தார்.

“நானா சொன்னேன்? நீங்க சொன்னது கதா, அய்யா. வாரம் வாரம் வண்டி மேல நின்னு சொல்றீங்க. டாக்டரு அவசரம் லேது.” எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பதை என் முகத்தில் கண்டு, எல்லாருக்கும் பொதுவான சந்தை மொழிக்கு மாறினார். “டாக்டர் நக்கோ. டாக்டர் வேணாம். பொடி போதும். அதுதானே?”

நக்கோ என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு எல்லாவற்றையும் பெயர்த்துச் சொன்னது. தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஒரே ஒலியை இரு கரைகளிலிருந்து நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘வேகம் வேண்டாம்’ என்று என் காதில் விழுந்த ஒவ்வொரு முறையும், ‘தேவையே இல்லை’ என்று அவர் சொல்லியிருக்கிறார்.

வண்டியின் பலகையிலேயே அவளைக் கிடத்தி, சிகந்திராபாத் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். இரு பக்கத் தகரப் பலகைகளையும் கழற்ற எவருக்கும் தோன்றவில்லை. திருமலகிரி தாண்டும்போது, வண்டியைக் கண்ட ஜனங்கள் கடைகளிலிருந்து எழுந்து வந்தார்கள். விளம்பர வண்டி வருகிறது. டப்பு ஏன் கேட்கவில்லை என்று ஒருவர் கேட்டார். ஒரு பெண் காசை நீட்டியபடி சக்கரத்தோடு ஓடிவந்தாள். “மினார் பொடி! அய்யா, மினார் பொடி!” பிள்ளைகள் பின்னால் சேர்ந்துகொண்டு அந்த வாக்கியத்தைப் பாடினார்கள். டப்பு அடிப்பவர் தன் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காதுகளைத் தன் கைகளால் பொத்தினார். தன் காதுகளை அல்ல, அவளுடைய காதுகளை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. மலைக்காய்ச்சல் என்றார்கள். கொயினா மருந்து கொடுத்திருக்க வேண்டிய நாட்கள் போய்விட்டன என்றார்கள். மறுநாள் பொழுது விடிவதற்குள் அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தாளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். பிறகு, மன்றத்தில் எதிர்க்கட்சியின் பிழையை எடுத்துக் காட்டும் ஒழுங்கோடு, ஒரு சொல்லுக்கு இரு மொழியிலும் உள்ள பொருளை விளக்கினேன். அறியாமல் நேர்ந்த பிழை என்றும், இன்றே சுவர்களை அழித்துவிடலாம் என்றும் முடித்தேன்.

அத்தான் பசைக் குச்சியைக் கிண்ணத்தில் வைத்தார்.

“எனக்கு வகுப்பு எடுக்காதடே. இந்த ஊர்ல இருவது வருசமா இருக்கேன். தெலுங்குல அவசரம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“மொத நாளு வாய் தவறித்தான் வந்துது. நம்ம தமிழ் நாக்கு, வந்துட்டு. ஆனா அந்த வார்த்தைக்குத்தான் கை நீண்டுது. வேற எதுக்கும் நீளல. சுவர்ல எழுதுதவன்கூடக் கேட்டான், டாக்டரே வேண்டாம்னா போடணும் அய்யான்னு. போடுன்னேன்.”

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சீட்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் பேசுதவன்தானடே நீ.”

விவாத மேடைகளில் எனக்கு எதிராக எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். என் சீட்டையே எடுத்து எனக்கு எதிராக வீசியவர் அவர் ஒருவர்தான்.

அக்கா கையிலிருந்த தாளைப் பாதி மடித்தபடி, “அந்தப் பிள்ளை நம்ம வாசல்ல புல்லுக்கட்ட இறக்கி வச்சிட்டுத் தண்ணி வாங்கிக் குடிப்பா,” என்றாள். “ஒரு செம்பு போதாது அவளுக்கு. ரெண்டு கேப்பா.” அதற்குப் பிறகு அவள் அந்தத் தாளை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“அடுத்த சந்தைக்கு வருவியா மாட்டியா?” என்று அத்தான் கேட்டார்.

வருவேன் என்றேன்.

அந்தச் சந்தைக்கு டப்பு அடிப்பவரும் வந்தார். வரமாட்டார் என்று நான் எண்ணியிருந்தேன். மழித்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வழக்கமான இடத்தில் சுள்ளி மூட்டி, தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். வேறு பிழைப்பு அவருக்கு இல்லை. சக்கரத்தின் நிழலில் ஒருவரும் இல்லை.

நான் மேடை ஏறினேன். புதிதாகத் தெலுங்கு கற்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஊரே அறிந்த வாக்கியத்திலிருந்து கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அப்படிச் செய்தால், தமிழில் கேட்பவனுக்கு டாக்டரிடம் விரைந்து போ என்றாகும். தெலுங்கில் கேட்பவனுக்கு டாக்டர் தேவை என்றாகும். இரு மொழியிலும் உண்மையான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் முதல் முறையாகச் செய்து வைத்திருந்தேன். மாற்றிப் பெயர்க்க அத்தானுக்கு அதில் இடமே இல்லை.

மூச்சை நிறைத்துச் சொன்னேன்: “டாக்டரு அவசரம்!”

டப்புக் குச்சிகள் பழக்கத்தில் உயர்ந்தன. வர வேண்டிய சொல் வரவில்லை என்பதை அந்தக் கைகள் உணர்ந்து, அந்தரத்திலேயே நின்றன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், நான் மறந்துவிட்டதை எடுத்துக் கொடுப்பதுபோல, “லேது!” என்றது. சிரித்தார்கள்.

மறுபடியும் சொன்னேன். இம்முறை பத்துக் குரல்கள் முடித்தன. மூன்றாம் முறை, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும் என் முழுக் குரலில் சொன்னேன். திடல் முழுவதும் ஒரே வாயாக “லேது!” என்று திருப்பி அடித்தது. புதிய விளையாட்டு என்று எண்ணிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் குரலை எந்தச் சபையும் அப்படி விழுங்கியதில்லை. எனக்கு இடப்புறம் அத்தான் பொட்டலங்களை உயர்த்தினார். கைகள் நீண்டன.

நான் இறங்கிவிட்டேன். அத்தான் விற்று முடித்து, கடைக்காரர்களோடு பேசப் போனார். திடல் காலியானது. டப்பு அடிப்பவர் அன்று ஒரு முறையும் அடிக்காத டப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது, அய்யா,” என்றார். “அவங்களுக்கு இல்ல.”

அவர் முன்னால் நேராக நின்றேன். தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். கேட்க அவர் ஒருவர்தான் இருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், திடல் நிறைந்திருப்பதுபோல, ஆனால் எங்கும் நிறுத்தாமல் சொன்னேன்:

“இந்த வண்டி நின்ற ஊர் ஒவ்வொன்றுக்கும் நான் நடந்து போவேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்று, டாக்டரு அவசரம் என்று சொல்வேன். லேது என்று எவராவது முடித்தால் மறுபடியும் சொல்வேன். அப்படி முடிப்பதற்கு ஒருவர்கூட இல்லாத நாள் வரைக்கும் சொல்வேன்.”